‘படம் ஆடுது’ என்றால் எந்த ஆட்டம்? சூப்பர் 8 கையேட்டுக்கு ஒரு கலைச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டிலேயே சூப்பர் 8 ஃபிலிம் (வீட்டுப் படம் எடுக்கும் 8 மி.மீ. சினிமா ஃபிலிம்) கழுவுகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு தொகுத்துவருகிறேன். பழுது பார்க்கும் பகுதியில் வந்து நின்றுவிட்டேன். திரையில் படம் ஓரிடத்தில் நிற்காமல் மேலும் கீழும் துள்ளுவதை ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ சரியில்லை என்கிறார்கள். இதைப் ‘பதிவுப் பிழை’ எனலாமா? ‘படநடுக்கம்’ போதும் என்கிறார் ஒரு நண்பர். மோட்டாரில் ஓடும் கேமராக்களில் இது தெரிவதால் ‘மோட்டார் நடுக்கம்’ என்றும் ஒரு யோசனை இருக்கிறது. பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

---

தம்பிக்கு வணக்கம்.

> ‘பதிவுப் பிழை’ எனலாமா?

வேண்டாம். கேமராவைப் பற்றிப் பேசும் இடத்தில் பதிவு என்றாலே படம் பதிவது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். பதிவுப் பிழை என்று பார்த்ததும் ஒளி அளவு தப்பிவிட்டது என்று நினைத்து லென்ஸைத் திருகப் போவார்.

> ‘படநடுக்கம்’ போதும்

அந்தக் காலத்துத் தியேட்டர் ரசிகன் ‘படம் ஆடுது’ என்று கூச்சல் போட்டால் போதும், ஆபரேட்டர் பார்த்துக்கொள்வார். கையேட்டுக்கு அது போதாது. கை ஆடினாலும் படம் ஆடும், கேமராவுக்குள் ஃபிலிம் சரியாக உட்காராவிட்டாலும் ஆடும், புரொஜெக்டர் கெட்டாலும் ஆடும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எந்த இடத்தில் கோளாறு என்று காட்டாத சொல்லைப் பழுதுப் பட்டியலில் வைத்து என்ன பயன்?

கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன், சொல் அதிலிருந்தே கிடைக்கும். ஃபிலிமின் ஓரத்தில் இருக்கும் பக்கத்துளையும் தெரியும்படி ஃபிலிமை ஸ்கேன் செய்து ஓடவிடுங்கள். துளை, சட்டகத்தின் (ஃபிரேம்) விளிம்பு, சட்டகத்துக்குள் இருக்கும் வீடோ மரமோ, இந்த மூன்றையும் பாருங்கள். துளையும் விளிம்பும் நிலையாக நிற்க, மரம் மட்டும் ஆடினால் அது கையின் கோளாறு, அல்லது முக்காலியின் கோளாறு. துளை நிற்கிறது, விளிம்பும் மரமும் சேர்ந்து துள்ளுகின்றன என்றால் கேமராவுக்குள் ஃபிலிம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்கவில்லை. துளையே துள்ளினால் கேமராவைத் திட்டாதீர்கள், ஸ்கேனரைப் பாருங்கள்.

கேமராவுக்குள் நடப்பது இதுதான். ஒரு சிறு கொக்கி துளைக்குள் நுழைந்து ஃபிலிமை ஒரு சட்டகம் கீழே இழுத்துவிட்டு வெளியே வருகிறது. ஃபிலிம் நிற்கிறது, ஷட்டர் திறக்கிறது. 18 சட்டக வேகத்தில் நொடிக்குப் பதினெட்டு முறை இப்படி. 1965இல் கோடக் சூப்பர் 8ஐக் கொண்டுவந்தபோது, ஃபிலிமைப் பின்னாலிருந்து அழுத்தும் தட்டைப் பிளாஸ்டிக்கில் செய்து, ஃபிலிம் அடைத்துவரும் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய 8 மி.மீ. ஸ்பூல் கேமராக்களில் அந்தத் தட்டு கேமராவிலேயே இருந்தது. கார்ட்ரிட்ஜைச் செருகினால் வேலை முடிந்தது என்ற வசதிக்காகக் கொடுத்த விலை இது. சட்டகத்தின் உயரமோ 4 மி.மீ. சொச்சம். ஒரு மீட்டர் உயரத் திரையில் அது 250 மடங்கு பெரிதாகிறது. கொக்கி நிறுத்துமிடம் 0.02 மி.மீ. தப்பினாலே திரையில் அரை சென்டிமீட்டர் துள்ளல்.

இழுப்பதில் வரும் பிசகு என்பதால் என் முன்மொழிவு: இழுபிசகு. பக்கவாட்டில் அலைவதற்குப் பக்கப்பிசகு. கை ஆடுவதற்குப் புதிதாக எதுவும் வேண்டாம், கையாட்டம் என்றாலே புரியும். நல்ல நிலையைச் சொல்ல படநிலைப்பு.

> ‘மோட்டார் நடுக்கம்’

இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மோட்டார் வேகம் தப்பினால் படம் துள்ளாது. பேட்டரி தளர்ந்து மோட்டார் மெதுவாக ஓடினால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் கூடும். தானியங்கி ஒளியளவு அதை ஈடுகட்டாவிட்டால் அந்தப் பகுதி வெளுக்கும், போட்டுப் பார்க்கும்போது ஆட்கள் வேகமாக நடப்பார்கள். வேகம் ஏறியிறங்கினால் வெளிச்சமும் ஏறியிறங்கும். அதற்குச் சிமிட்டல் என்று பெயர் வையுங்கள்.

ஆனால் சிமிட்டல் கழுவும்போதும் வரும். டப்பாவில் ஃபிலிமைக் குவியலாகப் போட்டுக் கழுவினால் ஒரு சட்டகத்தில் மருந்து நன்றாகப் படும், அடுத்ததில் படாது. ஓடவிட்டால் திட்டுத்திட்டாகச் சிமிட்டும். ஃபிலிமைச் சுருளாகச் சுற்றிக் கழுவும் சோவியத் காலத்து லோமோ சுருள்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, சுற்றுகள் ஒட்டிக்கொள்ளாமல் ஏற்றினால். சிமிட்டல் சீராக ஏறியிறங்கினால் மோட்டாரைச் சந்தேகியுங்கள். ஒழுங்கில்லாமல் திட்டுகள் இடம் மாறினால் தொட்டியை.

இன்னொன்று. உங்கள் வரைவில் டெவலப்பரில் போடுவதும் ‘கழுவு’, தண்ணீரில் விடுவதும் ‘கழுவு’. ஸ்டூடியோக்காரர் முழு வேலையையும் ஃபிலிம் கழுவுவது என்பார், அது இருக்கட்டும். உள்ளே வரும் படிகளுக்கு உருத்துலக்கல், அலசல் என்று பிரித்துவிடுங்கள். கழுவியதும் நெகட்டிவாக இல்லாமல் நேரான படமே கிடைக்கும் ரிவர்சல் ஃபிலிமில் இந்தக் குழப்பம் ஆபத்து. முதல் உருத்துலக்கல் குறைந்தால் படம் கறுத்துவிடும், கூடினால் வெளுத்துவிடும், நெகட்டிவுக்கு நேர்மாறு. ‘நன்றாகக் கழுவவும்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்து ஒருவர் டெவலப்பரில் கூடுதல் நேரம் விட்டால் 50 அடியும் போச்சு.

---

ஐயா, ஒரு ஐயம். ‘இழுபிசகு’ புரொஜெக்டருக்கும் பொருந்துகிறதே, அதிலும் கொக்கி இழுக்கத்தானே செய்கிறது? இன்னொன்று, ‘இழுப்பிசகு’ என்று ஒற்று மிக வேண்டாமா?

---

மிகாது தம்பி. வினைத்தொகை. சுடுசோறு, ஊறுகாய் போல.

புரொஜெக்டருக்கும் பொருந்தட்டுமே. கோளாறு ஒன்றுதான், இருக்கும் கருவிதான் வேறு. ‘கேமரா இழுபிசகு’, ‘புரொஜெக்டர் இழுபிசகு’ என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். பழைய அசிடேட் ஃபிலிம் சுருங்கி, துளைகளின் இடைவெளி குறைந்து, புரொஜெக்டரில் துள்ளுவது மட்டும் தனி. அங்கே கொக்கியின் மேல் குற்றமில்லை. அதைச் சுருக்கப்பிசகு எனலாமா? ‘சுருக்கம்’ என்றதும் கட்டுரைச் சுருக்கம் நினைவுக்கு வருகிறது என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். வரட்டும், வேறு நல்ல சொல்லோடு வந்தால் மாற்றிக்கொள்வோம்.

---

சேர்த்துக்கொண்டேன் ஐயா. இழுபிசகு, பக்கப்பிசகு, கையாட்டம், சிமிட்டல் நான்கும் பட்டியலில் ஏறிவிட்டன. சுருக்கப்பிசகுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். கொக்கிக்கு ‘பற்றுகொக்கி’ என்று எழுதியிருந்தேன், வெறும் ‘கொக்கி’ என்றே மாற்றிவிட்டேன்.