புதுப்பிப்பு: மதிலைத் தூக்கிய மாமர வேரை வெட்டியாயிற்று

வெள்ளவத்தை வீட்டு மாமரத்தின் வேர் மதிலை வெடிக்க வைக்கிறது, வெட்டினால் மரம் பட்டுப்போகுமா என்று பெப்ரவரியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அடிமர விட்டத்தின் மூன்று மடங்கு தூரத்துக்குள் கை வைக்காதீர்கள் என்று ஒருவர் சொன்னாரே, அதைத்தான் பிடித்துக்கொண்டேன். விட்டம் 45 சென்ரிமீற்றர், ஆக 135. நாங்கள் வெட்டியது 160இல். மேசன் பாஸ் கோடரியோடு வந்து நின்றார். வேண்டாம் என்று மண்ணைக் கையால் விலக்கி, வாளால் சீராக அறுக்க வைத்தேன். கைத்தடிமன் வேர், அறுத்த இடத்தில் பால் கசிந்து பச்சை மாங்காய் வாசம். தார் பூசவில்லை. கொப்புகளையும் குறைக்கவில்லை, இலை இருந்தால்தானே புது வேருக்குச் சாப்பாடு. மார்ச் வெயிலில் கிழமைக்கு இரண்டு தரம் நன்றாக ஊறத் தண்ணீர் விட்டேன்.

எதிர்பாராதது ஒன்று: வேருக்கு அடியில் பழைய குழாய் கசிந்துகொண்டிருந்தது. வேர் அந்தப் பக்கம் போனதே அதற்காகத்தான் போல. குழாய் மாற்றிய செலவு மதில் செலவை விழுங்கிவிட்டது!

ஏப்ரலில் அந்தப் பக்கக் கொப்பொன்று மஞ்சளாகி இலை கொட்டியது; சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஜூனில் செந்தளிர் விட்டது. தென்மேற்குப் பருவக்காற்றுக்கும் மரம் சாயவில்லை.

பக்கத்திலிருந்த இரண்டாவது வேரைத் தொடவில்லை. அதன் இருபுறமும் தூண் எழுப்பி, மேலே பீம் போட்டு, வேருக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு மதில் கட்டியிருக்கிறோம்.