ஹைட்ரோஸ் டிரம்மில் மழைநீர் இறங்கிப் புகைந்தது: தண்ணீர் ஊற்றியது சரியா, தவறா?

கேள்வி: பின்கட்டுச் சாயக்காரர்

காரைக்குடிக்கு அருகில் நாங்கள் குடும்பமாகக் கைத்தறி வைத்திருக்கிறோம். கண்டாங்கிச் சேலைக்கான பருத்தி நூலுக்கு வெளியில் கொடுக்காமல் நாங்களே சாயம் ஏற்றுகிறோம். சாயவேலை நடப்பது, வாடகைக்கு எடுத்த ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டில். தண்ணீரில் நேராகக் கரையாத வாட் சாயம் என்பதால், அதைக் கரையவைக்கக் காஸ்டிக் சோடா என்னும் கடுங்காரமும் ஹைட்ரோஸ் என்னும் தூளும் எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

முந்தாநாள் இரவு பெய்த மழையில் நாட்டு ஓடு ஒன்று நகர்ந்து, பாதி தீர்ந்திருந்த 50 கிலோ ஹைட்ரோஸ் டிரம்மின் மேல் விடியும்வரை சொட்டியிருக்கிறது. மூடியை அப்பா வைத்திருந்தாரே தவிர வளையம் போட்டு இறுக்கவில்லை. நேற்று விடியற்காலை, ஒரு பெட்டித் தீக்குச்சியையும் ஒரே நேரத்தில் கிழித்தாற்போன்ற நெடி மூக்கைக் குத்தி எங்களை எழுப்பியது. ஓடிப்போய்ப் பார்த்தால் டிரம்மின் ஒரு பக்கத்தில் பெயின்ட் கொப்பளித்து உரிந்துகொண்டிருந்தது. மூடியின் ஓரத்திலிருந்து வெண்புகை கசிந்தது.

அப்பா மூடியைத் தள்ளிவிட்டு ஒரு குடம் தண்ணீரை உள்ளே ஊற்றினார். உடனே டிரம் சீறியது. புகை முன்னைவிடப் பல மடங்காகி, நடுவில் தீப்பொறி தெரிந்தது. கொடியில் காய்ந்த நூல் சிட்டங்களில் இரண்டு ஓரம் கருகிவிட்டன. சித்தப்பா ஈரச் சாக்கைப் போட்டு மூடியை அழுத்தப் பார்த்தார், அடங்கவில்லை. அந்தத் தடுமாற்றத்தில் காஸ்டிக் கரைத்து வைத்திருந்த வாளி சரிந்து அப்பாவின் முன்கையிலும் கணுக்காலிலும் கொட்டிவிட்டது. "காரத்துக்குப் புளிப்புத்தான் முறிவு" என்று அப்பத்தா எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்த்தார். அதற்குள் புகை வீட்டின் நடுக்கட்டான வளவுக்குள் இறங்கி முற்றத்தில் தேங்கிவிட்டதால், இரைப்பு நோய் உள்ள அப்பத்தாவைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டோம். முக்கால் மணி நேரத்தில் புகை தானாக அடங்கியது. பிறகு சித்தப்பா டிரம்மைக் கடப்பாரையால் நெம்பிக் கொல்லைக்குத் தள்ளிவிட்டார். உள்ளே அரை டிரம் அளவுக்குக் கட்டிதட்டிய தூள் இன்னும் கிடக்கிறது.

தண்ணீர் ஊற்றியது தவறென்றால் வேறு எதைப் போட்டிருக்க வேண்டும்? அப்பாவின் கை சிவந்து வழவழவென்று இருக்கிறது, வலி அதிகமில்லை என்கிறார், அப்படியே விட்டுவிடலாமா? கொல்லையில் கிடப்பதை எப்படி அப்புறப்படுத்துவது?

பதில்: பள்ளி ஆய்வகம்

தண்ணீர் ஊற்றியதுதான் பெரும் தவறு. தண்ணீர் பட்டுத் தீப்பிடிக்கும் பொருள் எதுவாக இருந்தாலும், எங்கள் ஆய்வகத்தில் சோடியம் உலோகத்துக்குச் செய்வதைப் போலக் காய்ந்த மணலைக் கொட்டி மூட வேண்டும். காற்றுப் போகாவிட்டால் நெருப்பு அணைந்துவிடும். ஒவ்வொரு சாயப்பட்டறையிலும் இரண்டு வாளி மணல் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பதில்: தீயணைப்புப் பணியில் இருந்தவன்

மேலே எழுதிய ஐயா நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கிறார். சோடியம் உலோகத்துக்கு அது சரியான வழியும்கூட. ஆனால் பெயரில் சோடியம் இருந்தாலும் ஹைட்ரோஸ் அந்த வகையைச் சேர்ந்தது அன்று. அதன் முழுப்பெயர் சோடியம் ஹைட்ரோசல்பைட். சோடியம் டைதயோனைட் என்றும் சொல்வார்கள். இது சூடேறிச் சிதையத் தொடங்கினால், எரிவதற்கு வெளிக்காற்று தேவையில்லை. ஆகவே மணலோ, சாக்கோ, மூடியோ அதை அணைக்காது. சித்தப்பா ஈரச் சாக்கைப் போட்டும் அடங்காததன் காரணம் இதுதான். இன்னும் சொன்னால், சூடேறிய டிரம்மின் மூடியை அழுத்தி மூடுவது, உள்ளே உண்டாகும் வாயு வெளியேற வழியில்லாமல் டிரம்மே வெடிப்பதற்கு ஏற்பாடு செய்வதாகும். வளையம் போட்டு இறுக்கும் அளவுக்கு அவருக்கு நேரம் கிடைக்காமல் போனதை உங்கள் நல்லகாலம் என்றே சொல்வேன்.

தண்ணீர் விஷயத்தில் தவறு தண்ணீரில் இல்லை, அளவில் இருக்கிறது. நீங்கள் தினமும் செய்யும் வேலையையே நினைத்துப் பாருங்கள். தொட்டி நிறையத் தண்ணீர் வைத்து, அதில் ஹைட்ரோஸைத் தூவுகிறீர்கள், தொட்டி எரிவதில்லை. தூள் கரையும்போதும் சிதையும்போதும் வெளிப்படும் சூட்டை அவ்வளவு தண்ணீரும் வாங்கிக்கொள்கிறது. அதையே தலைகீழாக்கி, நிறையத் தூளின் மேல் கொஞ்சம் தண்ணீரைச் சிந்தினால், அந்தத் தண்ணீர் வேதிவினையைத் தூண்டிவிடப் போதுமானதாகவும் சூட்டைத் தணிக்கப் போதாததாகவும் இருக்கும். கூரையிலிருந்து சொட்டியதும் அப்படித்தான், அப்பா ஊற்றிய ஒரு குடமும் அப்படித்தான். இந்தப் பொருளுக்குத் தீயணைப்பு வழிகாட்டி சொல்வது, சிறு தீயானாலும் பெருந்தீயானாலும் வெள்ளமாகத் தண்ணீரைப் பாய்ச்சி வினையை நிறுத்த வேண்டும் என்பதே. அது குழாய் வைத்துத் தூரத்திலிருந்து செய்ய வேண்டிய வேலை; குடத்தோடு அருகில் போய்ச் செய்வதன்று.

ஆகவே வீட்டில் இருப்பவர்களுக்கு உரிய வேலை, நெடி வந்தவுடன் ஆட்களை வெளியேற்றி 101 அல்லது 112-க்கு அழைப்பதுதான். அழைக்கும்போது "கெமிக்கல் புகைகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். பொருளின் பெயரையும் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். டிரம்மின் மேல், மேற்பாதி வெள்ளையும் கீழ்ப்பாதி சிவப்புமாக ஒரு சாய்சதுரச் சீட்டும் 1384 என்ற எண்ணும் இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால், வருகிறவர்கள் மணலோடும் நுரையோடும் வராமல், மூச்சுக் கருவி அணிந்து தண்ணீர்க் குழாயோடு வருவார்கள். எண்ணைப் படிப்பதற்காகப் புகைகிற டிரம்மிடம் போக வேண்டாம். இன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கதவருகில் ஒட்டிவையுங்கள்.

வெளியேறும் வழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் புகையில் இருப்பது பெரும்பாலும் கந்தக டை ஆக்சைடு. காற்றைவிட இரு மடங்குக்கு மேல் கனமானது. சூட்டோடு மேலே எழும்பினாலும் ஆறியதும் தாழ்ந்து வந்து பள்ளத்தில் தேங்கும். தாழ்வாரத்தைவிட இறங்கியிருக்கும் முற்றம் அதற்கு வாகான தொட்டி. நம் ஊர்ப் பெரிய வீடுகளில் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக, கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதால், காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் முழுவதும் புகை ஓடும். பழக்கத்தினால் எல்லோரும் முகப்பை நோக்கித்தான் ஓடுவார்கள். கொடியில் கிடக்கும் நூல் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, காற்று வரும் பக்கத்து வாசலால் வெளியேற வேண்டும். துணி முகக்கவசமும் தூசிக்கு அணியும் கவசமும் வாயுவைத் தடுக்கா.

கொல்லையில் கிடக்கும் டிரம்மை யாரும் தொட வேண்டாம். ஈரம் ஏறிக் கட்டிதட்டிய தூள் சில மணி நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் சூடாகலாம். நீங்கள் அதை உருட்டியபோது அது சும்மா இருந்ததற்கு நான் எந்தக் காரணமும் சொல்ல மாட்டேன். மறுபடியும் மழை பெய்வதற்குள் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள்.

பதில்: அவசரப்பிரிவுச் செவிலி

டிரம்மைப் பற்றி மேலே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்பாவின் கைதான் கவலையாக இருக்கிறது. "வழவழவென்று இருக்கிறது, வலி அதிகமில்லை" என்று நீங்கள் எழுதியிருப்பது நல்ல அறிகுறி அன்று. காஸ்டிக், தோலில் உள்ள கொழுப்பைச் சோப்பாக மாற்றுகிறது. அந்த வழுவழுப்பு அதனால் வருவது. அமிலம் பட்டால் உடனே சுரீரென்று வலித்து மனிதர் கையை உதறுவார். காரமோ, பல நேரங்களில் வலி தெரிவதற்கு முன்பே உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாள் கடந்துவிட்டது என்று எண்ணாமல், கையை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிக்கொண்டு இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கணுக்காலையும் காட்டுங்கள். கொட்டிய நேரத்தில் கட்டியிருந்த வேட்டியையோ செருப்பையோ அலசாமல் மறுபடியும் அணிந்திருந்தால் அவற்றையும் கழற்றிவிட வேண்டும்.

அப்பத்தாவைக் குறை சொல்லவில்லை; காரத்துக்குப் புளிப்பு முறிவு என்பது பாத்திரத்தில் சரி. தோலின்மேல் அந்த முறிவு நடக்கும்போது அதுவே சூட்டை உண்டாக்கும். அதைவிட, பழத்தைத் தேடி நறுக்கிப் பிழியும் நேரத்தில் காஸ்டிக் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். எலுமிச்சை, மோர், மஞ்சள், பற்பசை எதுவும் வேண்டாம். பட்ட நொடியே குழாயடியில் நின்று, துணியைக் கழற்றிக்கொண்டே, குறைந்தது 20 நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும். பதற்றத்தில் இரண்டு நிமிடமே இருபதாகத் தோன்றும் என்பதால்தான் கடிகாரத்தைச் சொல்கிறேன். கண்ணில் தெறித்திருந்தால் இமைகளை விரலால் விரித்துப் பிடித்து அரைமணி நேரமாவது தண்ணீர் ஓடவிட்டு, 108 வண்டியில் ஏறிய பிறகும் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். யாராவது தவறுதலாகக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இறங்கும்போது புண்ணாக்கியது ஏறும்போதும் புண்ணாக்கும்.

அப்பத்தாவைப் பொறுத்தவரை, இரைப்பு உள்ளவர்களுக்குக் கந்தக டை ஆக்சைடு மிகக் குறைந்த அளவிலேயே மூச்சுக்குழலை இறுக்கிவிடும். புகையை நன்றாக வாங்கியவர்களுக்கு, முதலில் வெறும் இருமலாக இருந்து, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோப்பதும் உண்டு. ஆகவே அப்பத்தாவையும் அப்பாவோடு அழைத்துச் சென்று பார்த்துக்கொள்ளுங்கள். புகையோடு போராடிய சித்தப்பாவுக்கும் இது பொருந்தும். மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், நுரைத்த சளி இவற்றில் ஏதேனும் தோன்றினால் படுக்கவைக்காமல், சாய்ந்து உட்காரவைத்து 108-ஐ அழையுங்கள்.

பதில்: பரமக்குடிப் பக்கத்துத் தோய்ப்பவர்

நானும் இதே தொழிலில் இருப்பதால், இனிமேல் எப்படி வைத்துக்கொள்வது என்பதை மட்டும் சொல்கிறேன். ஹைட்ரோஸ் டிரம்மைத் தரையில் வைக்காதீர்கள். கருங்கல் திண்டின் மேல், ஒழுகாத கூரையின் கீழ், காஸ்டிக் கரைக்கும் இடத்துக்கு எதிர்ச்சுவரில் வையுங்கள். அள்ளும் கரண்டி எலும்புபோலக் காய்ந்திருக்க வேண்டும். தொட்டியைக் கலக்கிய ஈரக்கையோடு அள்ளுவதுதான் எங்கள் பட்டறையில் நடந்த பழைய விபத்துக்குக் காரணம். பிளீச்சிங் பவுடர், பெராக்சைடு, நைட்ரைட், ஆசிட் எதையும் அதே அறையில் வைக்கக் கூடாது. கீழே சிந்திய தூளைத் திரும்ப டிரம்மில் போடாதீர்கள், குப்பையோடும் சேர்க்காதீர்கள். ஒன்றிரண்டு கைப்பிடிதான், அதுவும் நனையாதது என்றால் காய்ந்த முறத்தில் அள்ளி, திறந்த வெளியில் ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் சிறிது சிறிதாகத் தூவிக் கரைத்துவிடலாம். முடிந்தால் 50 கிலோவாக வாங்குவதை விட்டு, ஒரு வாரத்துக்கு ஆகும் அளவு மட்டும் வாங்குங்கள். விலையில் கொஞ்சம் கூடும்தான்.

காஸ்டிக்கைக் கரைக்கும்போது தண்ணீரில் காஸ்டிக்கைப் போட வேண்டுமே தவிர, காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது. கரைத்த வாளியை நடைபாதையில் வைத்ததுதான் இங்கே பிழை.

அணைத்த தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அந்தக் கழிவு, தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். உங்கள் ஊர்களில் தெருவின் மழைநீர் ஊருணிக்குப் போய்ச் சேரும்படி வாய்க்கால் வைத்திருக்கிறார்கள். அந்த வாய்க்காலில் இதை விட்டால் ஊருணி மீன் மிதக்கும். மண்ணால் வரப்புக் கட்டித் தேக்கி வைத்துக்கொண்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டு அகற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்: பின்கட்டுச் சாயக்காரர்

எல்லோருக்கும் நன்றி. அப்பாவையும் அப்பத்தாவையும் நேற்று மாலையே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அப்பாவின் முன்கையில் தோல் ஆழமாக வெந்திருப்பதாகச் சொல்லிக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரவேண்டும். அப்பத்தாவை இரவு முழுவதும் வைத்திருந்து காலையில் அனுப்பினார்கள்.

தீயணைப்பு நிலையத்தில் 1384 என்ற எண்ணைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் வண்டி வந்தது. கொல்லையில் மண்ணை அணைத்து வரப்புப் போட்டுவிட்டு, தூரத்திலிருந்து குழாயைத் திருப்பி, டிரம் நிரம்பி வழிந்த பிறகும் நெடுநேரம் தண்ணீர் அடித்தார்கள். கட்டிதட்டிய மேற்பகுதி உடைந்ததும் அடியிலிருந்து ஆவி எழுந்தது. இரண்டு நாள் கழித்தும் அதற்குள் அவ்வளவு சூடு இருந்திருக்கிறது. கழிவைப் பற்றி வாரிய அலுவலகத்தில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். கூரை ஓடு மாற்றுவதற்கு இன்று ஆள் வந்துவிட்டார்.