சிலிண்டர் சாவியும் சிஸ்டர்மாரின் கைவலுவும்

பளுதூக்கி:
செவிலியர் தினத்துக்கு எங்கள் குடும்பக் குழுவில் ஒரு வாழ்த்துப் படம் வந்தது. "சராசரி ஆணைவிட நர்ஸின் கைப்பிடி வலுவானது, வேலையே அவர்களுக்கு ஜிம்" என்று எழுதியிருந்தார்கள். அத்தை, சித்தப்பா எல்லாரும் கைதட்டல் பொம்மை போட்டுத் தள்ளிவிட்டார்கள். வாழ்த்துங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் கருவி வைத்து அளக்கக்கூடிய விஷயத்தில் வாய்க்கு வந்ததை எழுதலாமா? 2007இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 1,654 இளைஞர்கள், 533 இளம்பெண்கள். ஆண்களின் சராசரி கைப்பிடி 541 நியூட்டன், பெண்களுடையது 329. (நியூட்டன் விசையின் அளவு, பத்து நியூட்டன் ஏறக்குறைய ஒரு கிலோ.) தனியாகத் தேசிய அளவு வீராங்கனைகளையும் அளந்தார்கள், ஜூடோ ஆடுகிறவர்கள் உட்பட. அவர்களுக்கே 444தான். ஜூடோக்காரிக்கே இந்தக் கதி என்றால் ட்ரிப் போடுகிறவர்களுக்கு? எங்கள் உறவுக்காரருக்கு மூச்சுத் திணறியபோது எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்க முடியாமல் சிஸ்டர் ஆள் தேடி ஓடியதை நானே பார்த்தேன்.

இரவுப்பணி:
நியூட்டனை அப்புறம் பார்க்கலாம் தம்பி. சிலிண்டருக்கு வருகிறேன். நான் அரசு ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ். ஆள் உயரத்து ஜம்போ சிலிண்டரை நான்தான் திறக்கிறேன், நான்தான் மூடுகிறேன். அந்த சிஸ்டர் ஆள் தேடி ஓடியது சிலிண்டர் வால்வைத் திருகித் திறக்கிற சாவிக்காக இருக்கும். ஒரு வார்டுக்கு ஒரு சாவி, அதுவும் பக்கத்து வார்டுக்காரர் எடுத்துப் போயிருப்பார். உள்ளே வந்து பார்த்தால் தெரியும்.

பளுதூக்கி:
சாவி அவர் கையில்தான் இருந்தது. நான் பார்த்தேன்.

இரவுப்பணி:
கையில் இருந்தது வார்டு அலமாரிச் சாவியாக இருக்கும்.

பிசியோ பாண்டி:
இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். கைப்பிடி வலு வேறு, வேலைத்திறன் வேறு. கைப்பிடியை அளக்கும் டைனமோமீட்டர் கருவியை, உட்கார்ந்து, முழங்கையை 90 பாகையில் மடக்கி, சில விநாடி முழு பலத்தோடு அழுத்துகிறோம். மூன்று முறை எடுத்து ஒன்றைப் பதிகிறோம். எட்டு மணி நேர ஷிஃப்டில் ஒருவர் எவ்வளவு தாக்குப்பிடிப்பார் என்று அது சொல்லாது. ஆசிய நிபுணர் குழு 2019இல் வைத்த வரம்புப்படி பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் ஆணுக்கு 28 கிலோவுக்கும் கீழே போனால்தான் அது குறைந்த வலு. எனவே முதலில் "வலு" என்று எதைச் சொல்கிறோம் என்பதை...

பளுதூக்கி:
நல்ல வகுப்பு சார். சாவி கையில் இருந்ததா இல்லையா, அதைப் பேசுவோம்.

இரவுப்பணி:
பாண்டி சாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மூன்று முறை அழுத்திவிட்டு எழுந்து போவதில்லை எங்கள் வேலை. பக்கவாதம் வந்து கிடக்கிற 80 கிலோ ஆளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண். விரிப்பைச் சுருட்டிப் பிடித்து இழுக்க வேண்டும். நடுவில் யாருக்காவது மூச்சு நின்றால் ஆம்பு பேக் என்கிற மூச்சுப் பையை அமுக்க வேண்டும். இதயம் நின்றால் மார்பு 5 செ.மீ. இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது விதி. ஆணுக்கும் அதே விதிதான் தம்பி, ஜிம்முக்குப் போகிறவருக்குத் தனி விதி கிடையாது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சில் எழுதி வைத்திருக்கிறது. ராத்திரியில் வந்து தலையை எண்ணிப் பாருங்கள். மாறிக்கொள்ள ஆள் எங்கே இருக்கிறது? இதையெல்லாம் செய்கிற கைக்கு ஒரு சிலிண்டர் திறக்கத் தெரியாதா?

பளுதூக்கி:
தெரியாது என்று நான் சொல்லவில்லை, முடியவில்லை என்றேன். மார்பு அழுத்துவது உடல் எடையை இறக்கிச் செய்வது, அதற்கும் கைப்பிடிக்கும் சம்பந்தமில்லை. நான் 541 என்றேன். அதற்குப் பதில் எங்கே?

தோஹா தமிழன்:
நம் ஊரில்தான் இந்தச் சண்டை. இங்கே நோயாளியைத் தூக்க ஹாய்ஸ்ட் இருக்கிறது, பட்டனை அமுக்கினால் போதும். அமெரிக்காவில் நோயாளியைக் கையால் தூக்குவதற்கு ஒருவருக்கு சுமார் 16 கிலோதான் எல்லை என்று 2007இலேயே பரிந்துரைத்துவிட்டார்கள். அதற்கு மேல் என்றால் கருவி. சிலிண்டரும் இங்கே அபூர்வம், சுவரிலேயே குழாய்.

இரவுப்பணி:
எங்களுக்கும் சுவரில் குழாய் உண்டு சார், கொரோனாவுக்குப் பிறகு திரவ ஆக்சிஜன் டாங்க்கும் உண்டு. நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது சுவரைப் பெயர்த்துக்கொண்டா போக முடியும்? ஹாய்ஸ்ட் பெருமையை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டனை அமுக்குகிறவர்களில் பாதிப் பேர் இங்கே எங்களோடு நோயாளியைப் புரட்டித் தொழில் படித்த கேரளா, தமிழ்நாட்டுப் பிள்ளைகள்தான்.

கொய்யாத்தோப்பு:
சாவி இறுக்கமாக இருந்தால் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் தீர்ந்தது. இதற்கு ஜெர்மனி வரை போக வேண்டுமா?

இரவுப்பணி:
ஐயா, தயவுசெய்து இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்! ஆக்சிஜன் வால்வில் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது. அழுத்தத்தில் தீப்பிடித்துவிடும். எண்ணெய்க் கையோடுகூடத் தொடக்கூடாது என்பது முதல் பாடம்.

கொய்யாத்தோப்பு:
எங்கள் பம்ப்செட்டுக்கு முப்பது வருடமாக அதைத்தான் விடுகிறோம், ஒன்றும் ஆகவில்லை.

பிசியோ பாண்டி:
பம்ப்செட்டில் ஆக்சிஜனா ஓடுகிறது?

ஆண்செவிலியன்:
பளுதூக்கி சொல்வதில் பாதி உண்மை. எங்கள் வார்டில் கனமான நோயாளி வந்தால் "பிரதர் எங்கே" என்றுதான் குரல் வரும். தூக்க, இறக்க, குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிறவனைப் பிடிக்க, எல்லாவற்றுக்கும் பிரதர். ஆனால் எய்ம்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கப் போனால் 80 சதவீதம் பெண்களுக்கு என்று 2019இல் முடிவெடுத்து வைத்திருக்கிறார்கள். தூக்குவதற்கு மட்டும் ஆண் வேண்டுமா?

இரவுப்பணி:
ஒரு ஆளைத் தூக்கிவிட்டு டீ குடிக்கப் போய் ஒரு மணி நேரம் கழித்து வருகிற பிரதர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரம் வார்டை யார் பார்த்தது?

ஆண்செவிலியன்:
இதோ, ஆரம்பித்துவிட்டார்கள். எல்லா பிரதரும் டீக்கடை!

பளுதூக்கி:
ஆக, பிரதர் வர வேண்டியிருக்கிறது என்று துறைக்காரரே ஒப்புக்கொண்டார்.

ஆண்செவிலியன்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. சிலிண்டரை எங்கள் வார்டில் சிஸ்டர்களேதான் திறக்கிறார்கள். என் பேச்சு நோயாளியைத் தூக்குவது பற்றி.

இரவுப்பணி:
கேட்டீர்களா தம்பி? சிஸ்டர்களேதான் திறக்கிறார்கள்.

பிசியோ பாண்டி:
வால்வு திறப்பதற்குப் பிடிவலுவே முக்கியமில்லை. அது நெம்புகோல் கணக்கு. சாவியின் கைப்பிடி நீளமானால் குறைந்த விசையே போதும். இன்னொன்று, போன தடவை மூடியவர் அளவுக்கு மேல் இறுக்கியிருந்தால் யாருக்கும் கஷ்டம்தான். பிடிவலு எதற்கு முக்கியம் என்றால் ஆயுசுக்கு. 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, இந்தியா உட்பட 17 நாடுகள், சுமார் 1.4 லட்சம் பேர். பிடிவலு 5 கிலோ குறைந்தால் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது.

பளுதூக்கி:
அப்படியானால் 329 நியூட்டனுக்கும் 541 நியூட்டனுக்கும் நடுவில் ஏறக்குறைய 20 கிலோ. கணக்குப்படி பெண்களெல்லாம் ஆண்களுக்கு முன்பே போக வேண்டுமே? போகவில்லையே? உங்கள் ஆய்வு செல்லாது.

பிசியோ பாண்டி:
ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் அப்படி ஒப்பிடக்கூடாது என்று எட்டாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியும். முன்பு இங்கே முழங்கால் வலி பற்றிப் பேசியபோதும் இதே வேலையைத்தான் செய்தீர்கள். ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) போட்டால் மூட்டு தேய்ந்துவிடும் என்று நான் சொன்னதாக ஊரெல்லாம் பரப்பினீர்கள்.

பளுதூக்கி:
சொன்னீர்கள்.

பிசியோ பாண்டி:
"வலி இருக்கும்போது எடையைக் குறையுங்கள்" என்றேன். படித்துப் பாருங்கள்.

பளுதூக்கி:
எடையைக் குறை என்றால் ஸ்குவாட்டை நிறுத்து என்றுதானே பொருள்? சரி விடுங்கள். சிஸ்டர், அந்தச் சாவி எத்தனை அங்குலம்? பாண்டி சார் சொல்கிற நெம்புகோல் கணக்கை நானே போட்டுப் பார்க்கிறேன்.

இரவுப்பணி:
முதலில் வாழ்த்துப் படம் தப்பு என்றீர்கள், அப்புறம் சிஸ்டர் ஓடினார் என்றீர்கள், இப்போது அங்குலம் கேட்கிறீர்கள். நீங்கள் வார்டில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதை மட்டும் சொல்லவே இல்லை. உங்கள் உறவுக்காரருக்குத்தானே மூச்சுத் திணறியது? 541 நியூட்டன் பக்கத்தில் நிற்கிறது, சிஸ்டர் ஓடுகிறார். எழுந்து திறந்துகொடுத்தீர்களா?

பளுதூக்கி:
வெளியாட்கள் தொடக்கூடாது என்று போர்டு இருந்தது.

ஆண்செவிலியன்:
எந்த ஆஸ்பத்திரியில் அப்படிப் போர்டு? நான் பார்த்ததே இல்லை.

பளுதூக்கி:
இருந்தது. நான் பார்த்தேன்.

கொய்யாத்தோப்பு:
எண்ணெய் வேண்டாம் என்கிறீர்கள். வாசலின்?