40-சைஸ் ட்ரெய்னர்: நோஸ் வீலை எடுத்துவிட்டு டெயில்டிராகர் ஆக்கலாமா?

புல்தரை:
வணக்கம். என்னுடையது ரேடியோவில் ஓட்டும் 40-சைஸ் (0.40 கன அங்குல இன்ஜின் ரக) மாடல் விமானம். ஹைவிங் (இறக்கை உடலுக்கு மேலே) பால்சா மர ட்ரெய்னர், இறக்கை அகலம் (முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புவரை) 300 மி.மீ., எடை 2.5 கிலோ. மூன்று சக்கரமும் இரண்டரை அங்குலம். பறக்கும் இடம் மேடுபள்ளமான புல்தரை. லேண்டிங்கில் நோஸ் கியர் (முன்சக்கரத்தைத் தாங்கும்) கம்பி பின்பக்கம் வளைந்து ப்ரொப்பெல்லர் புல்லில் அடிக்கிறது. டேக்-ஆஃபில் ஒரு பக்கமாக இழுக்கிறது. டெயில்டிராகர் (முன்னால் இரண்டு மெயின் வீல், வாலில் ஒரு சின்னச் சக்கரம்) ஆக்கினால் சரியாகுமா? தனியாக இறக்க இப்போதுதான் பழகுகிறேன்.

பால்சாதூள்:
இப்போது வேண்டாம். நோஸ் வீல் முதலில் தரை தொடுவதால்தான் கம்பி வளைகிறது. அதே வேகத்தில் டெயில்டிராகரை இறக்கினால் துள்ளும். தவிர, அதில் சிஜி (எடை மையம்) மெயின் வீலுக்குப் பின்னால் இருக்கும். லேசாகத் திரும்பினாலும் வால் மேலும் மேலும் சுழற்றிக்கொண்டு போகும். இப்போதுள்ள நோஸ் வீல் அமைப்பில் (ட்ரைசைக்கிள்) சிஜி மெயின் வீலுக்கு முன்னால் இருப்பதால் தானே நேராகும். பழகுகிறவருக்கு அந்த வசதி பெரிய விஷயம்.

முதலில் சமதரையில் நிறுத்தி ஸ்டெபிலைசர் (வாலின் கிடைமட்ட இறக்கை) மேல் ஸ்பிரிட் லெவல் வையுங்கள். மட்டமாகவோ, மூக்கு ஒரு டிகிரி தாழ்ந்தோ இருக்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் வேகம் சேரும் முன்பே எழும்பும், இறங்கும்போது நோஸ் வீல் முந்திக்கொள்ளும். கம்பியைப் பிராக்கெட்டில் மேலே ஏற்றி இறுக்கினாலே தீரும்.

பிறகு மூன்று சக்கரத்தையும் மூன்று அங்குலமாக்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மேலே சொன்ன மட்டம் கெடும்.

சர்வோகை:
பக்கமாக இழுப்பதற்கு நோஸ் வீலைத் திருப்பும் ஸ்டியரிங் ஆர்மின் கிரப் ஸ்க்ரூவை (ஆர்மைக் கம்பியோடு இறுக்கும் தலையில்லாத ஸ்க்ரூ) பாருங்கள். உருண்டைக் கம்பி மேல் அது எவ்வளவு இறுக்கினாலும் நழுவும். ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் அரத்தால் ஒரு தட்டையான முகம் எடுத்து, நீல லாக்டைட் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு துளி விட்டு இறுக்குங்கள். புஷ்ராடை (இணைப்புக் கம்பியை) சர்வோ மோட்டார் ஆர்மின் உள்துளையிலும், ஸ்டியரிங் ஆர்மின் வெளித்துளையிலும் மாட்டுங்கள். இரு பக்கமும் 10–15 டிகிரி திரும்பினால் போதும். அதிகம் கொடுத்தால் டேக்-ஆஃபில் பாம்பு மாதிரி நெளியும்.

கம்பி 4 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் மாற்றுங்கள், கூடவே பிராக்கெட்டையும். பழைய துளையைத் துளைத்துப் பெரிதாக்கினால் ஆட்டம் வந்துவிடும். வளைந்ததை நிமிர்த்தும்போது சூடு காட்டாதீர்கள். இது பியானோ வயர் எனும் எஃகுக் கம்பி, சூட்டில் அதன் விறைப்பு போய்விடும், அடுத்த லேண்டிங்கிலேயே மடங்கும்.

புல்தரை:
நன்றி, இதையெல்லாம் முதலில் செய்கிறேன். பின்னாளில் மாற்றுவதென்றால் மெயின் கியரை எவ்வளவு முன்னால் கொண்டுபோக வேண்டும்?

பால்சாதூள்:
விமானத்தை மட்டமாகத் தாங்கி நிறுத்தி, சிஜியிலிருந்து தரைவரை உயரத்தை அளங்கள். சக்கரம் தரை தொடும் புள்ளி, சிஜிக்கு நேர்கீழிலிருந்து 16–20 டிகிரி முன்னால் வரட்டும். உயரம் 220 மி.மீ. என்றால் 63–80 மி.மீ. உங்கள் சிஜி லீடிங் எட்ஜிலிருந்து (இறக்கையின் முன் விளிம்பு) 90 மி.மீ.யில் இருந்தால் சக்கரம் அந்த விளிம்புக்குச் சற்றுப் பின்னால் வரும். அதற்கும் பின்னால் வைத்தால் புல்லில் மூக்குக் குத்தும்; ரொம்ப முன்னால் போனால் துள்ளலும் சுழற்சியும் கூடும்.

புது கியர் வரும் இடத்தில் உடலின் அடிப்பலகை மெலிதாகத்தான் இருக்கும், கீழே ஒட்டினால் மட்டும் பிய்ந்துவிடும். 3 மி.மீ. ப்ளைவுட் தகட்டை உள்ளே வைத்து, முன்னும் பின்னும் உள்ள ஃபார்மர்களோடு (உடலின் குறுக்குச் சட்டங்கள்) முக்கோணக் கட்டை கொடுத்து, 30 நிமிட எபாக்சியில் ஒட்டுங்கள். கியருக்கு அலுமினியத் தகடு, இரண்டு எம்5 நைலான் போல்ட். பலமாக அடித்தால் போல்ட் முறியும், உடல் தப்பும். சக்கரங்களின் முன்பக்கம் 1–2 டிகிரி உள்நோக்கித் திரும்பியிருக்கட்டும்.

சிஜி பின்னால் நகரும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எடையை (கிராம்) தூரத்தால் (மி.மீ.) பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு, சிஜிக்கு 250 மி.மீ. முன்னால் இருந்த 90 கிராம் நோஸ் கியர் போகிறது: 22,500 நஷ்டம். 750 மி.மீ. பின்னால் 20 கிராம் டெயில் வீல்: இன்னும் 15,000. 180 கிராம் மெயின் கியர் 120 மி.மீ. முன்னால் வருவதில் 21,600 திரும்பக் கிடைக்கும். மீதி 15,900. முதலில் ரிசீவர் பேட்டரியை ஃபயர்வால் (இன்ஜினைத் தாங்கும் முன்பலகை) பக்கம் தள்ளிப் பாருங்கள். அப்படியும் போதாத அளவுக்கு மட்டும் ஈயம் வையுங்கள். முழுக்க ஈயம் என்றால் 300 மி.மீ. முன்னால் 53 கிராம் ஆகும்.