குடோன் இரும்புத் தூணுக்கு ஃபயர் பெயிண்ட்: இரண்டு கோட் போதுமா?

மாதவரம்காரன்:
மாதவரத்தில் எங்கள் பழைய குடோனுக்குள் இரும்பில் ஒரு மாடி போடுகிறோம், கீழே அட்டைப்பெட்டிச் சரக்கு, மேலே ஆபீஸ். தூண் எல்லாம் 100-க்கு 100 மி.மீ. பாக்ஸ் (சதுரக் குழாய்), தகடு 4 மி.மீ. கனம். உத்தரம் ஐ-பீம். ஒரு மணி நேரம் தீ தாங்கணும் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பெயிண்ட் கான்ட்ராக்டரோ இருக்கிற ரெட் ஆக்சைடு (துரு பிடிக்காமல் அடிக்கும் அடிப்பூச்சு) மேலேயே எல்லாவற்றுக்கும் ஃபயர் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தால் போதும் என்கிறார். ஷட்டர் பக்கத் தூண்களில் மழைச்சாரல் வேறு அடிக்கும். மேலே பத்துப் பேர் உட்காரப் போகிறார்கள், அதனால்தான் கேட்கிறேன்.

சைட்வாசி:
கோட் கணக்கை விடுங்கள் சார், காய்ந்த பூச்சு எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் என்று கேளுங்கள். இந்தப் பெயிண்ட் 200, 250 டிகிரி வாக்கில் உப்ப ஆரம்பிக்கும். அதிலிருக்கும் அம்மோனியம் பாலிபாஸ்பேட் அமிலத்தைக் கொடுக்க, பென்டாஎரித்ரிட்டால் கரியாக, மெலமைன் வாயுவை விட்டு அந்தக் கரியை நுரையாக்கும். ஒரு மில்லிமீட்டர் பூச்சு சில சென்டிமீட்டர் கனத்துக்கு எழும்பி இரும்புக்குச் சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான் அதன் வேலை. 550, 600 டிகிரிக்குப் போனால் இரும்பின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மெல்லிய இரும்பு சீக்கிரம் சூடாகும். தீ படும் சுற்றளவை வெட்டுப்பரப்பால் வகுத்தால் வருவதுதான் செக்‌ஷன் ஃபேக்டர். பாக்ஸுக்குத் தோராயமாக ஒன்றை மீட்டரில் எழுதிய தகட்டுக் கனத்தால் வகுத்தாலே போதும், உங்கள் 4 மி.மீ.க்கு (0.004 மீட்டர்) 250 வருகிறது, 10 மி.மீ. என்றால் 100தான். இந்த எண் கூடக் கூட பூச்சின் கனமும் கூடணும். தூணுக்கும் பீமுக்கும் ஒரே அளவு என்று சொல்பவரிடம், அந்தக் கம்பெனியின் 60 நிமிட டெஸ்ட் அட்டவணையைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

திருவொற்றியூர் பெயிண்டர்:
அண்ணன் சொன்னது சரி. அப்புறம், அடியில் இருக்கும் ரெட் ஆக்சைடை இந்தப் பெயிண்ட் கம்பெனி ஒத்துக்கொள்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள், இல்லாவிட்டால் தீயில் நுரையோடு சேர்ந்து உரிந்து விழும். சாரல் படும் தூணுக்கு டாப் கோட் கட்டாயம், தண்ணீர் இறங்கினால் பெயிண்டை உப்ப வைக்கும் சரக்கே கரைந்து போகும். அடிக்கும்போதே ஈரத்தில் சீப்பு (பூச்சின் கனம் பார்க்கும் பல் வைத்த தகடு) வைத்துப் பார்க்கணும், காய்ந்த பிறகு கனம் அளக்கும் மீட்டர் வைத்து பாக்ஸின் நான்கு முகத்திலும், பீம் ஃபிளாஞ்சின் (ஐ-பீமின் மேல், கீழ் அகலத் தகடு) அடியிலும் அளக்கணும். சுவர் ஒட்டிய முகத்தில்தான் ஆள் கை எட்டாமல் விட்டுவிடுவான். தூணை ஒட்டி ரேக் போடாதீர்கள், உப்புவதற்கு இடம் வேண்டும்.

மாதவரம்காரன்:
மணலிப் பக்கம் ரிஃபைனரி வேலையில் மிஞ்சிய எபாக்சி ஃபயர் பெயிண்ட் டிரம் மலிவாகத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

சைட்வாசி:
வேண்டாம். அது எண்ணெய்த் தீக்கானது, ஐந்து நிமிடத்தில் 1,100 டிகிரியை நெருங்கும் தீயைக் கணக்கில் வைத்துச் செய்தது, பல மில்லிமீட்டர் கனத்துக்குப் போடணும், கலந்து அடிக்கத் தனி மெஷினும் பழகிய ஆளும் வேண்டும். மிச்ச டிரம்மில் காலாவதித் தேதியும் தெரியாது. இவ்வளவு மெல்லிய தூணுக்கு என்னைக் கேட்டால் பெயிண்டே வேண்டாம், தீ டெஸ்ட் ஆன கால்சியம் சிலிகேட் போர்டால் (தீ தாங்கும் பலகை) சுற்றி மூடுங்கள், சாரலுக்கு வெளியே ஒரு தகடு. பெயிண்டைப் பீமுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் விலை வாங்கி இன்ஜினியரிடம் காட்டிவிட்டு ஆர்டர் போடுங்கள்.