சிரக்யூஸில் இண்டியானா ஜோன்ஸை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டுமா?

வண்ணார்பேட்டை வாசகன் எழுதியது:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். தொல்லியல் பேராசிரியர் இண்டியானா ஜோன்ஸின் சாகசத் தொடரில் ஐந்தாவதாக 2023-இல் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டயல் ஆஃப் டெஸ்டினி’ படத்தைச் சென்ற வாரம் வீட்டில் மறுபடியும் பார்த்தோம். திரையரங்கில் முதன்முறை பார்த்தபோது ஏற்பட்ட மனக்குறை இப்போதும் தீரவில்லை என்பதால் இங்கே கேட்கிறேன். முடிவு தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

நாஜி விஞ்ஞானி வோலர், பண்டைக் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் செய்ததாகக் கதை சொல்லும் கருவியைக் கொண்டு 1939-ஆம் ஆண்டுக்குச் சென்று, ஹிட்லரைக் கொன்றுவிட்டுப் போரைத் தானே நடத்தி வெல்லத் திட்டமிடுகிறான். விமானம் காலப்பிளவுக்குள் நுழைந்து வெளியே வரும்போது கீழே தெரிவது ரோமானியக் கப்பற்படை முற்றுகையிட்டிருக்கும், சிசிலித் தீவின் பழைய சிரக்யூஸ் நகரம். துப்பாக்கிக் குண்டு பாய்ந்த காயத்தோடு கரையில் கிடக்கும் இண்டி, தன் வாழ்நாள் முழுவதும் ஏட்டில் படித்த உலகம் கண்முன் இருப்பதைப் பார்த்து, தன்னை இங்கேயே விட்டுவிடும்படி உடன் வந்த ஞானமகள் ஹெலனாவிடம் மன்றாடுகிறார். அவள் மறுக்கிறாள், வாக்குவாதம் நீளும்போது அவர் முகத்தில் ஒரு குத்து விடுகிறாள். அடுத்த காட்சியில் அவர் நியூயார்க்கில் தம் வீட்டுப் படுக்கையில் கண் விழிக்கிறார்.

என் கேள்வி இந்தக் குத்தைப் பற்றியதுதான். 1989-இல் வந்த மூன்றாம் படத்தில், பிளவின் விளிம்பில் தொங்கிக்கொண்டு புனிதக் கிண்ணத்துக்குக் கை நீட்டும் இண்டியை, அதுவரை ‘ஜூனியர்’ என்றே கூப்பிட்டுவந்த தந்தை முதன்முறையாக ‘இண்டியானா’ என்று அழைத்து, அதை விட்டுவிடச் சொல்கிறார். மகன் கேட்கிறான், விடுகிறான். ஆசையை விடுவது அவனே எடுத்த முடிவாக இருந்ததால்தான் அந்தக் காட்சி இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பேசப்படுகிறது. ஐந்தாம் படத்தில் அதே தொங்கல், அதே ஆசை, ஆனால் முடிவை எடுக்கும் உரிமை மட்டும் நாயகனிடமிருந்து பிடுங்கப்பட்டுவிட்டது. திரும்பி வந்த பயணத்தையும் காட்டவில்லை. இது திரைக்கதையின் சோம்பல் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சந்திப்பு அண்ணாச்சி எழுதியது:

தம்பி, கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் குத்து புதிதாக வந்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். 1984-இல் வந்த இரண்டாம் படத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நம் நாட்டைக் காட்டிய விதத்துக்காக நாம் எல்லோரும் வைத அதே படம்தான். இங்கே அனுமதி கிடைக்காமல் இலங்கையில் போய் எடுத்தார்கள், அம்ரீஷ் புரி மட்டும் நமக்கு ஆறுதல். அதில் அம்ரீஷ் புரி நடித்த வில்லன் மோலா ராமின் ஆட்கள் புகட்டிய இரத்தத்தால் புத்தி மாறிக் கிடக்கும் இண்டியை, ஷார்ட் ரவுண்டு என்ற சிறுவன் எரியும் தீப்பந்தத்தை அவர் விலாவில் வைத்துத்தான் மீட்கிறான். அங்கேயும் அவராக ஒன்றும் முடிவெடுக்கவில்லை. அன்புள்ள ஒருவர் வலிக்கவைத்து மீட்டுக்கொண்டு வருவது இந்தத் தொடரில் ஏற்கெனவே உள்ள வழக்கம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்றாம் படத்தில் சொல்வதற்குத் தந்தை இருந்தார். ஐந்தாம் படத்தின் இண்டிக்குத் தந்தை இல்லை, மகன் வியட்நாம் போரில் இறந்துவிட்டான், மனைவி மேரியன் பிரிந்து போய்விட்டார், கல்லூரியில் பணி ஓய்வுக்கு ஒரு கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ‘வா’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவைக்கும் ஆள் ஒருவரும் மிச்சமில்லை என்பதுதான் படம் முழுவதும் சொல்லப்படும் நிலைமை. அப்படிப்பட்டவரைச் சொல்லால் மீட்டிருந்தால் அதுவரை சொன்ன கதை பொய்யாகியிருக்கும். குண்டுக்காயத்தோடு இரத்தம் வடிய உட்கார்ந்திருக்கும் கிழவரிடம் தத்துவ விசாரணை நடத்த நேரமும் இல்லை. இண்டியாக நடிக்கும் ஹாரிசன் ஃபோர்டு 1942-இல் பிறந்தவர். படம் வெளிவந்தபோது எண்பத்தொன்றை எட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் தெரியும் களைப்பு நடிப்பு மட்டும் இல்லை என்பது என் எண்ணம்.

முறப்பநாட்டுக்காரி எழுதியது:

அண்ணாச்சி சொல்லும் தீப்பந்த உதாரணம் பொருந்தவில்லை. அங்கே இண்டி தன் வசத்திலேயே இல்லை; மருந்தின் மயக்கத்தில் இருப்பவரை எழுப்புவது வேறு, நினைவோடு கெஞ்சுகிறவரை மயங்கவைப்பது வேறு. ஷார்ட் ரவுண்டு அவருக்குப் புத்தியைத் திருப்பிக் கொடுத்தான், ஹெலனாவோ புத்தி தெளிவாக இருந்தவரிடமிருந்து அதைப் பறித்தாள். தவிரவும், ஹெலனாவுக்கு அந்த உரிமை எப்படி வந்தது என்பதைப் படம் சரியாகச் சம்பாதித்துத் தரவில்லை. பெயருக்கு அவள் அவருடைய ஞானமகள். ஆனால் நியூயார்க்கில் அவரிடமிருந்தே கருவியைத் திருடிக்கொண்டு போய் மொராக்கோவின் டாஞ்சியரில் ஏலம் விட்டவள். இடையில் மனம் மாறுகிறாள் என்பதைக் காட்ட நிதானமாக எழுதப்பட்ட காட்சி என்று எனக்கு ஒன்றே ஒன்றுதான் தென்பட்டது.

அந்தக் காட்சியைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். ஏஜியன் கடலில் இரவு நேரத்தில் படகில் உட்கார்ந்திருக்கும்போது, காலத்தில் பின்னோக்கிப் போக முடிந்தால் என்ன செய்வீர்கள் என்று ஹெலனா விளையாட்டாகக் கேட்கிறாள். மகன் படையில் சேருவதைத் தடுப்பேன் என்று அவர் சொல்கிறார். அவன் இறந்துபோவான், தாயின் துக்கத்துக்கு முடிவே இருக்காது, அவளைத் தேற்ற வழி தெரியாமல் தந்தை நிற்பார், அதனால் அவர்கள் இல்வாழ்க்கையே முறிந்துபோகும் என்பதையெல்லாம் அவனிடம் சொல்லுவேன் என்கிறார். குரல் உயரவில்லை, பின்னணி இசைகூட ஒதுங்கி நிற்கிறது. இந்தப் படத்தில் நான் முழுமனத்தோடு ஏற்றுக்கொள்ளும் நிமிடம் அது ஒன்றுதான்.

2008 படத்தின் முடிவில், திருமணம் நடந்த தேவாலயத்தில் காற்றில் உருண்டு வந்த தொப்பியை மகன் எடுத்துத் தலையில் வைக்கப் போகும்போது தந்தை பிடுங்கிக்கொண்டு போவார். நாற்காலி இன்னும் காலியாகவில்லை என்ற கிண்டல் அது. அந்த மகனைப் பலருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் திரைக்குப் பின்னாலேயே கொன்றுவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு பலரும் சொல்வதுதான். எனக்கு அந்த மரணத்தைவிட, அதற்குப் பிறகு நடந்த மறதிதான் உறுத்துகிறது. மகனைத் தடுப்பேன் என்று சொன்ன மனிதர், காலப்பிளவு உண்மையிலேயே வானத்தில் திறக்கும்போது அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கருவி சிரக்யூஸுக்கு மட்டுமே அழைத்துச் செல்லும் என்று பின்னால் தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தெரியாத அந்தச் சில நிமிடங்களில் ஒரு தகப்பன் நெஞ்சில் எது முதலில் வந்திருக்கும்? 1939-க்குப் போகத் துடிக்கும் வோலரின் எதிரே, அதைவிடப் பல மடங்கு நியாயமான காரணத்தோடு உட்கார்ந்திருப்பவர் அவர். அந்த இருவரையும் ஒரே ஆசையின் இரண்டு பக்கங்களாக நிறுத்திக் காட்டக் கிடைத்த வாய்ப்பை வாரிக் கொட்டிவிட்டார்கள்.

ஸ்ரீவைகுண்டத்தான் எழுதியது:

குத்து சரியா தவறா என்பதற்கு முன்னால், அவர்கள் சிரக்யூஸுக்கு வந்து சேர்ந்த காரணத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஆர்க்கிமிடீஸ் காலத்தில் கண்டங்கள் நகர்வது தெரியாது, அதனால் கணக்கு தவறிவிட்டது என்று விமானத்தில் இண்டி கத்துகிறார். கண்டத்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கின்றன. தாராளமாக மூன்று சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், இடைப்பட்ட ஏறத்தாழ 2,180 ஆண்டுகளில் சிசிலி நகர்ந்திருக்கக்கூடிய தூரம் சுமார் 65 மீட்டர். தாமிரபரணிப் பாலத்தில் பாதிகூட நடந்து முடிக்காத தூரம் அது. அதற்காக இரண்டாயிரம் ஆண்டுகள் தள்ளிப் போய் விழுவார்களா? ஆனாலும் இந்தக் கோட்பாட்டை 1969-இல் இண்டியின் வாயில் வைத்தது கெட்டிக்காரத்தனம். ஜெர்மானிய அறிவியலாளர் வெகெனர் 1912-இல் சொன்னபோது பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1960-களில்தான் புவியியலாளர்கள் பரவலாக ஒப்புக்கொண்டார்கள். படம் நடக்கும் ஆண்டில் அது சூடான பேச்சாக இருந்திருக்கும்.

உண்மையான காரணம் வேறு என்று படம் பிறகு சொல்கிறது: முற்றுகையை முறியடிக்க உதவி கேட்டு எதிர்காலத்திலிருந்து ஆட்களை வரவழைக்கவே ஆர்க்கிமிடீஸ் அதை அப்படிச் செய்தார் என்பது. இரண்டாவது விளக்கம் அழகானது, முதலாவதை எடுத்துவிட்டிருந்தால் இன்னும் துலங்கியிருக்கும். படத்தின் கருவிக்கு மூலமான நிஜ ஆன்டிகிதெரா கருவி போர்க்கருவியோ காலக்கருவியோ அன்று. 1901-இல் கிரேக்கத் தீவு ஒன்றின் அருகே மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து எடுத்தது. 82 துண்டுகள் கிடைத்திருக்கின்றன. சூரியன், சந்திரன், கிரகணங்கள் ஆகியவற்றின் கணக்கை வெண்கலப் பற்சக்கரங்களால் காட்டும் ஒருவகைப் பஞ்சாங்கம் என்று சொல்லலாம்.

நான் ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்து ஊர்க்காரன் என்பதால் கல்லறைக் காட்சியில் என் கண் வேறு இடத்துக்குப் போனது. ஆர்க்கிமிடீஸின் எலும்புக்கூட்டில் இருபதாம் நூற்றாண்டுக் கைக்கடிகாரம் இருக்கிறது. அகழாய்வுக் குழியில் நின்று பழகியவர் எவருக்கும் அதைப் பார்த்தவுடன் எழும் முதல் சந்தேகம், இந்தக் குழியை யாரோ முன்பே கிளறியிருக்கிறார்கள் என்பதுதான். எங்கள் பரம்பு மேட்டில் முதுமக்கள் தாழியைத் திறக்கும்போது, உள்ளே இறங்கிய செம்மண்ணைத் தூரிகையால் விரலகலம் விரலகலமாக நீக்கி, நெல் உமி ஒட்டிய இடத்தையும் துருவேறிய இரும்புத் துண்டு கிடந்த கோணத்தையும் வரைந்து, படம் எடுத்த பிறகே கையை வைப்பார்கள். நம் பேராசிரியரோ நுழைந்த வேகத்தில் கருவியை எடுத்துக்கொள்கிறார். சாகசப் படத்தில் அதைக் குறை சொல்வது அநியாயம் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் ‘இது அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டிய பொருள்’ என்று மூன்றாம் படத்தில் முழங்கிய வாய் அல்லவா?

எங்கள் ஊர்த் தாழிகளை 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி, கிடைத்ததில் பலவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அருங்காட்சியகம் என்றால் யாருடைய ஊர் அருங்காட்சியகம் என்ற கேள்வியை அந்த வரி கேட்பதே இல்லை. இந்தப் படம் வெளிவந்த அதே 2023-இல், ஆகஸ்டு மாதம், ஆதிச்சநல்லூரில் குழிக்கு மேலே கண்ணாடித் தளம் போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி திறந்தார்கள். அந்தக் கண்ணாடியின் மேல் நின்றவன் என்ற முறையில், அவரைச் சிரக்யூஸில் விடக்கூடாது என்றே நான் சொல்வேன். ஒரு பொருள் அதன் இடத்தில் இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு என்பது அவர் படித்த துறையின் அரிச்சுவடி. 1969-ஐச் சேர்ந்த ஒரு மனிதரின் எலும்பு சிரக்யூஸ் மண்ணில் கிடைத்தால், அந்தக் கைக்கடிகாரத்தைப் போலவே அதுவும் குழப்பம் விளைவிக்கும்.

சந்திப்பு அண்ணாச்சி எழுதியது:

ஸ்ரீவைகுண்டத்தாரின் கடைசிக் காரணத்தை ஹெலனா சொல்லியிருந்தால் நானே கட்சி மாறியிருப்பேன். அவளும் தொல்லியல் படித்தவள்தானே. தகப்பன் நெஞ்சைப் பற்றி முறப்பநாட்டுத் தங்கை எழுதியதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் கடைசிச் சமையலறைக் காட்சியை யாரும் சொல்லவில்லையே. மேரியன் வந்ததும் ‘எங்கே வலிக்கவில்லை’ என்று 1981 படத்தின் கப்பல் காட்சியைத் திருப்பிப் போடுகிறார்கள். அன்று மேரியன் கேட்டு இண்டி காட்டியதை இன்று இண்டி கேட்டு மேரியன் காட்டுகிறார். மகனை இழந்த துக்கம் அவருக்கும் உண்டு என்பதை, வலிக்கும் இடத்தைக் காட்டும் முறையை மாற்றியே சொல்லிவிட்டார்கள். அந்தக் காட்சிக்கு வந்து சேர ஒரு குத்து விலை என்றால் கொடுக்கலாம்.

வண்ணார்பேட்டை வாசகன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சமையலறைக் காட்சியில் எனக்கும் குறையில்லை, அண்ணாச்சி. அதற்கு அவர் நியூயார்க் திரும்ப வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். எப்படித் திரும்ப வேண்டும் என்பதில்தான் இன்னும் பிணக்கு.

சொல்லால் மீட்க ஆளில்லை என்கிறீர்கள். ஆள் இல்லாவிட்டாலும் சொல் இருந்தது. சிரக்யூஸ் கி.மு. 212-இல் வீழ்ந்தது என்பதும், உயிரோடு பிடிக்கும்படி தளபதி மார்செல்லஸ் விரும்பியிருந்தும் ஆர்க்கிமிடீஸை ஒரு ரோமானியச் சிப்பாய் கொன்றான் என்பதும் அந்தக் கரையில் நின்ற இரண்டு தொல்லியலாளருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த செய்தி. யாரோடு இருக்க ஆசைப்பட்டாரோ அந்த மனிதரின் சாவையும் அவர் பார்க்க வேண்டியிருக்கும். தடுக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. மகனின் சாவைத் தடுக்க முடியாமல் ஒடிந்துபோன ஒருவரிடம் ஹெலனா இதைச் சொல்லியிருந்தால், முறப்பநாட்டு அக்கா கேட்ட மகனும் அந்தக் காட்சிக்குள் வந்திருப்பான், ஸ்ரீவைகுண்டத்து அண்ணாச்சியின் காரணமும் வந்திருக்கும். இண்டி தானாகவே எழுந்து நடந்திருப்பார். ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் படத்தில் இதற்கு அரை நிமிடம் போதும்; டாஞ்சியரில் அந்த ஆட்டோத் துரத்தலில் இரண்டு தெருவைக் குறைத்திருந்தால் கிடைத்திருக்கும்.