டீச்சர் இல்லாத மூன்று மாதம்: எந்தப் பாட்டை எடுத்தீர்கள்?

எங்கள் பியானோ டீச்சர் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். மூன்று மாதம் வகுப்பு கிடையாது. கிரேடு தேர்வுக்காக ஒரே மூன்று பாட்டை வருடம் முழுக்க வாசித்துச் சலித்திருந்தேன். இனி பிடித்ததை எடுக்கலாமே என்று அவ்வளவு சந்தோஷம்.

எடுத்தது பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’. முதல் பக்கம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டது. அப்புறம் வந்தது நடுப்பகுதி. வலது கையில் பொடிப்பொடி ஸ்வரங்கள் ஓடுகின்றன. அதற்கும் பின்னால் ஓரிடத்தில் இடது கை அடியிலுள்ள ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று வாரம் முட்டிப் பார்த்தேன். மணிக்கட்டு வலிதான் மிச்சம். டீச்சர் இருந்திருந்தால் முதல் நாளே என் கையைப் பார்த்து நிறுத்தியிருப்பார்.

அன்றிலிருந்து பாட்டைக் கேட்டு மயங்கி எடுப்பதில்லை. ஸ்கோரை, அதாவது பாட்டு எழுதிய தாளைப் பிரித்ததும் ஸ்வரங்கள் கறுப்பாக அப்பிக்கிடக்கும் இடத்தைத் தேடுவேன். அந்த நாலு ‘பார்’ (தாளில் கோடு போட்டுப் பிரித்த சின்னச் சின்னக் கட்டம்) மட்டும் நிதானமாக வாசித்துப் பார்ப்பேன். பத்து நாளில் வந்துவிடும் என்று தோன்றினால்தான் முதல் பாருக்கே போவது.

அப்படி அமைந்ததுதான் சோப்பின் என்ற இசையமைப்பாளர் 1839இல் வெளியிட்ட ஈ மைனர் ப்ரிலூட் (ப்ரிலூட் என்றால் ஒரு சின்ன பியானோ பாட்டு), அவருடைய ஓபஸ் 28 என்ற தொகுப்பில் நான்காவது. மொத்தமே 25 பார். ஆரம்பத்தில் வலது கைக்கு அதிக வேலையில்லை, பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களில் மெல்ல ஆடுகிறது. என்னைக் கேட்டால் இடது கைதான் பாட்டே. ஜி, பி, ஈ மூன்று கட்டைகளையும் சேர்த்துத் தட்டிக்கொண்டே போகும்போது, ஒரு விரல் மட்டும் ஒரு படி இறங்கும். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு விரல். ஐந்து நாள் இடது கையை மட்டும் வாசித்தேன். எந்த விரல் இறங்குகிறது என்பது காதிலேயே பிடிபட்டுவிட்டது. 16ஆவது பாரில் வேகமெடுத்து 17இல் சத்தம் ஏறும். அங்கே இன்னமும் தோள் இறுகுகிறது. டீச்சர் வந்ததும் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.

*

அக்கா, நான் வகுப்பு இல்லாத நாட்களில் எடுத்தது பாக் என்ற இசையமைப்பாளரின் சி மேஜர் ப்ரிலூட், அவருடைய ‘வெல்-டெம்பர்டு கிளாவியர்’ என்ற 1722ஆம் வருடத் தொகுப்பில் முதலாவது. 35 பார். எட்டு ஸ்வரம், அதே எட்டு மறுபடி, ஒரு பார் முடிந்தது. கடைசி மூன்று பாரில்தான் இந்த அமைப்பு மாறும். அந்த எட்டில் திரும்ப வருவதை விட்டால் ஐந்து ஸ்வரம்தான்; ஒவ்வொரு பாரின் அந்த ஐந்தையும், இடது கையில் இரண்டு, வலது கையில் மூன்று என்று ஒன்றாக அழுத்திப் பழகினேன். பஸ்ஸில் போகும்போது மடியில் விரலை வைத்தே பாதிப் பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டது.

*

அருமை தம்பி, அடுத்து அதைத்தான் எடுக்கப் போகிறேன். சத்தத்தை நீட்டும் பெடல் வைக்கிறாயா?

*

வைக்கிறேன் அக்கா, பாருக்கு ஒரு முறை காலை எடுத்து மறுபடி மிதிப்பேன். முதல் ஸ்வரத்தை அழுத்திய பிறகு மிதியுங்கள். முன்னாலேயே மிதித்தால் பழைய பாரின் சத்தமும் சேர்ந்து கலங்கும்.